போட்டால்தானே பழசு

இன்றோடு ஒன்பது நாளாகிறது. இன்னும் காபிக் கோப்பையை ஒரு கையால் தூக்க முடியவில்லை, இரண்டு கையும் வேண்டியிருக்கிறது. டாக்டரிடம் காட்டச் சொல்கிறார்கள். கையில் ஒரு கோளாறும் இல்லை என்று எனக்குத் தெரியும். அந்தச் சனிக்கிழமை காலையில் பாறையில் நடந்ததை அது இன்னும் மறக்கவில்லை, அவ்வளவுதான்.

என் பெயர் நோரீன். போல்டர் என்ற மலையடிவார ஊரில் மலை ஏறுகிறவர்களுக்குச் சாமான் விற்கும் கடையொன்றில் ஷூ பிரிவு இருபத்திரண்டு வருஷமாக என்னுடையது. என்னுடையது என்றால் முதலாளியுடையதுதான். ஆனால் முதலாளியே ஷூ வாங்க வந்தால் பெஞ்சில் உட்கார்ந்து, சாக்ஸைக் கழற்றி, நான் சொல்வதைக் கேட்டுக்கொள்வார். இந்த ஊரில் பல் டாக்டர், வக்கீல், பீட்சா சுடுகிறவர் என்று பாதிப் பேர் வேலைக்குப் போகும் முன்பு பிளாட்அயர்ன் பாறைகளில் ஒன்றின் மேல் ஏறி இறங்கிவிட்டுத்தான் போவார்கள். கயிறெல்லாம் கிடையாது. கையும் காலும், காலில் நல்ல ரப்பர் ஷூவும்தான். அந்தக் கால்களில் பெரும்பாலானவற்றுக்கு நான் ஷூ மாட்டியிருக்கிறேன். அந்தத் திமிர் எனக்கு உண்டு. வாயும் உண்டு. "நோரீன்கிட்ட ஷூ வாங்கறதுக்கு, என்கிட்ட வந்து பல்லைப் புடுங்கிக்கலாம்" என்று அந்தப் பல் டாக்டரே சொன்னதாகக் கேள்வி.

பெட்டினா என் முப்பது வருஷத் தோழி. பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறாள். இரண்டு வருஷத்துக்கு முன் அவளுக்கு முட்டியில் ஆபரேஷன் நடந்தது. அதற்குப் பிறகு அவள் பாறைப் பக்கமே போகவில்லை. அப்படிப்பட்டவள் வியாழக்கிழமை மதியம் கடைக்குள் வந்து பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"சனிக்கிழமை ரெண்டாவது பிளாட்அயர்ன் ஏறப்போறேன்டி. நீயும் வர்ற. நடக்கறதுக்கு மெத்துனு இருக்கணும், பாறைல கப்புனு பிடிக்கணும். அந்த மாதிரி ஒண்ணு எடு."

"மாப்பிள்ளை பாக்கறியா, ஷூ பாக்கறியா?" என்றேன்.

அவளுக்கு அகலமான பாதம். கட்டைவிரல் பக்கத்தில் எலும்பு புடைத்திருக்கும். ஏழு ஜோடி போட்டுப் பார்த்தாள். ஒன்று கடித்தது, ஒன்று குதிகாலில் தூக்கியது. எட்டாவதாக, அவளே அலமாரியிலிருந்து ஓர் ஆரஞ்சு நிற ஜோடியை எடுத்தாள். முன்பக்கம் அகலமாக இருக்கும், புதிதாக வந்த ரகம். கடையில் சோதித்துப் பார்க்க, கல் பதித்த சரிவு ஒன்று வைத்திருக்கிறோம். அதில் மூன்று தடவை ஏறி இறங்கினாள். முகமெல்லாம் சிரிப்பு.

"இதுதான்டி. போட்டிருக்கறதே தெரியல."

"எப்படித் தெரியும்? உள்ள உன் கால் நீச்சலடிக்குது. இது நாயைக் கூட்டிக்கிட்டு பார்க்குல நடக்கறதுக்கு. விளிம்புல விரல் நுனிய வெச்சேன்னா, ஷூ ஒரு பக்கம் போகும், நீ ஒரு பக்கம் போவ."

"நழுவலையேடி..."

"ஷூ நீ விக்கறியா, நான் விக்கறேனா?"

கழற்றி வைத்தாள். அந்த நேரம் பார்த்து ஒருவர் வந்து, பன்னிரண்டு வருஷமாகப் பிரிக்காமலேயே வைத்திருக்கும் கயிற்றை உபயோகிக்கலாமா என்று கேட்டார். அவரைப் பிடித்து நன்றாக உலுக்கிவிட்டேன். "தூக்கிப் போடுங்க. பைக்குள்ள இருந்தா வயசு ஆகாதா? நீங்க வீட்டுக்குள்ளயே இருந்தா உங்களுக்கு வயசு ஆகாதா?" பெட்டினா விழுந்து விழுந்து சிரித்தாள். நானும்தான் சிரித்தேன்.

அந்த நிமிஷமேதான் என் காரேஜ் அலமாரியின் மேல்தட்டு என் ஞாபகத்துக்கு வந்தது.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், இந்த ஊரே போட்டுக்கொண்டிருந்த ஒரு ரகத்தைக் கம்பெனி நிறுத்திவிட்டது. கருப்புத் தோல், சிவப்பு நாடா. அதுபோல் இன்னொன்று இன்றுவரை வரவில்லை. நிறுத்துகிறார்கள் என்று தெரிந்த அன்றைக்குக் கடையில் சாவு வீட்டுக் கூட்டம். "ரெண்டா வாங்குங்க, ஒண்ண எடுத்து வைங்க" என்று வந்தவர்களுக்கெல்லாம் நான்தான் சொன்னேன். நான் நாலு வாங்கினேன். மூன்று தேய்ந்து போயின. நாலாவது, பெட்டியில் சுற்றிய தாள்கூடக் கலையாமல் காரேஜில் இருந்தது. எத்தனையோ பேர் கெஞ்சிக் கேட்டும் கொடுக்கவில்லை. பெட்டினாவுக்கும் எனக்கும் ஒரே அளவு.

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்கே கொண்டுபோய் மடியில் வைத்தேன். அவள் பெட்டியைத் திறந்து, தாளை விலக்கிப் பார்த்தாள்.

"உன் கடைசி ஜோடிடி இது."

"வாயை மூடிக்கிட்டுப் போடு."

பாதத்துக்கென்றே தைத்தது போல் உட்கார்ந்தது. நான் வழக்கப்படி ரப்பர் அடியில் எச்சில் துப்பி, உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தேன். கிரீச்சென்று கத்தியது. கத்தினால் பாறையைப் பிடிக்கும். இந்த ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரிந்த சோதனை அது.

"பதினோரு வருஷம் ஆச்சே. பழசாகியிருக்காதா?" என்றாள்.

"போட்டாத்தானேடி பழசு?" என்றேன்.

அந்த வார்த்தையைத் திரும்ப விழுங்க முடிந்தால் என் வலது கையைக் கொடுப்பேன்.

சனிக்கிழமை ஆறு மணிக்கெல்லாம் பாறைகளுக்குக் கீழே இருக்கும் சட்டாக்குவா புல்வெளிக்குப் போய்விட்டோம். காரிலேயே ஆளுக்கொரு புரிட்டோ ரொட்டிச் சுருள் சாப்பிட்டோம், பச்சை மிளகாய்ச் சாற்றோடு. பெட்டினா ஷூவைப் போட்டுக்கொண்டதும், நாடாவை நான் குனிந்து இரட்டை முடிச்சாக முடிந்துவிட்டேன். அவள் முதுகுப் பையை எடுத்துக் கொடுத்தபோது கனத்தது.

"என்னத்தடி அள்ளிப் போட்டிருக்க? மேல கல்லு இல்லன்னு இங்கிருந்தே கொண்டு போறியா?"

"தண்ணிதான்" என்று சொல்லிவிட்டுப் பையை வாங்கி மாட்டிக்கொண்டாள்.

பாறையில் அவள் முன்னால், நான் கைக்கெட்டும் தூரத்தில் கீழே. முட்டி சரியாகத்தான் இருந்தது. நூறு அடி தாண்டியதும் பாட்டுக்கூட முணுமுணுத்தாள். இருநூறு அடி இருக்கும். அங்கே பாறை சற்றுச் செங்குத்தாகி, ஒரு நீள வெடிப்பு மட்டும் ஓடும். அதில் விரலை நுழைத்துக்கொண்டு, காலைச் சரிவில் அழுத்தி ஏற வேண்டும்.

"நோரீன், கால்ல என்னமோ ஒட்டிக்கிட்டு ஆடுது."

"ஒண்ணும் ஆடல. பயம் ஆடுது. அழுத்தி வை காலை. ஷூவ நம்புடி."

அழுத்தி வைத்தாள்.

சத்தமே வரவில்லை. அதுதான் எனக்கு இன்னும் விளங்காதது. உயிர் போகிற காரியத்துக்கு ஒரு சத்தமாவது வர வேண்டாமா? வலது ஷூவின் அடி, விரலிலிருந்து குதிகால் வரை, பழைய உறையிலிருந்து தபால்தலை உரிகிற மாதிரி முழுசாகக் கழன்றது. கழன்று, என் காதை உரசிக்கொண்டு கீழே போனது. ரப்பர் பாறையில் துள்ளித் துள்ளிப் போவதைத் திரும்பிப் பார்த்தேன். அடியில் ஒரு கீறல் இல்லை. புத்தம் புதுசு.

பெட்டினாவின் வலது கால் பிடியில்லாமல் வழுக்கியது. முட்டி பாறையில் மோதியது. ஒரு முழம் இறங்கினாள், வெடிப்பில் நுழைத்த விரல்களில் தொங்கி நின்றாள். என் தோள் தானாகப் போய் அவள் காலுக்குக் கீழே சேர்ந்துகொண்டது. நான் யோசித்துச் செய்யவில்லை, சத்தியமாக. நிமிர்ந்து பார்த்தேன். இடது ஷூவின் குதிகாலும் வாயைப் பிளந்திருந்தது. உள்ளே பசை பொடிப்பொடியாக, பிஸ்கட் தூள் மாதிரி.

எனக்கு வாய் எழவில்லை. இருபத்திரண்டு வருஷமாக ஓயாத வாய். "பெட்டி" என்று பாதிப் பெயர்தான் வந்தது.

மேலேயிருந்து ஒரு குரல் வந்தது. பேருந்தின் பின் சீட்டில் அடித்துக்கொள்ளும் பிள்ளைகளிடம் அவள் பேசும் குரல் அது, உரக்கவும் இல்லை, பதறவும் இல்லை.

"நோரீன். நான் சொல்றத மட்டும் கேளு. என் பையைத் தொற. அடி ஜிப்."

தோளில் அவள் காலைத் தாங்கிக்கொண்டே ஒரு கையை நீட்டி ஜிப்பை இழுத்தேன். தண்ணீர் பாட்டிலுக்குக் கீழே, சுருட்டிய துண்டுக்குள் அந்த ஆரஞ்சு ஷூக்கள்.

என்ன என்று கேட்கக்கூட நேரமில்லை. "வலது மொதல்ல" என்றாள். முடிச்சை அவிழ்க்கப் போனேன். நானே போட்ட இரட்டை முடிச்சு. கை உதறியதில் அவிழ்க்க வரவில்லை. கடைசியில் முகத்தை அவள் கணுக்காலில் புதைத்துப் பல்லால் கடித்து இழுத்தேன். செத்த ஷூவை உருவி எறிந்தேன். ஆரஞ்சு ஷூவை மாட்டினேன். நாடாவை இழுத்துக் கட்டினேன். அவள் அதைப் பாறையில் வைத்தாள்.

நின்றது.

"இப்ப இடது" என்றாள். அதையும் மாற்றினோம். எவ்வளவு நேரம் ஆனதென்று தெரியாது. மாற்றி முடித்ததும் என் தோளிலிருந்து அவள் பாரம் விலகியது. அந்த நொடியில் உயிர் போய் உயிர் வந்தது. அதன் பிறகு, நாயோடு பார்க்கில் நடப்பதற்கு என்று நான் சொன்ன ஷூ ஒவ்வோர் அடியாகப் பாறையில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே, அது மிதித்த இடத்தில் கை வைத்து நானும் ஏறினேன். ஓரிடத்தில்கூட நழுவவில்லை.

மேலே ஒரு பைன் மரம் நிற்கும் மேடையில் போய் விழுந்தோம். அவள் முட்டியில் ரத்தம். நான் அழுதுகொண்டிருந்தேன். அவள் பாட்டிலைத் திறந்து முதலில் எனக்குத்தான் கொடுத்தாள்.

"இத எப்ப வாங்கின?"

"வெள்ளிக்கிழமை. நீ சாப்பிடப் போன நேரமா பாத்து வந்து வாங்கினேன். இறங்கும்போது மாத்திக்கலாம்னு."

"மாத்தும்போது நான் பாக்க மாட்டேனா?"

"இறங்கும்போது நீ சந்தோஷமா இருப்ப. அவ்வளவா திட்ட மாட்டன்னு நெனச்சேன்."

"உனக்கு இதுதானே பிடிச்சிருந்தது? மொதல்லயே இதப் போட்டுட்டு வந்திருக்கலாமே, பைத்தியம்! நான் குடுத்தத ஏன் போட்ட?"

அவள் முட்டியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "கடைசி ஜோடியக் கொண்டு வந்து மடில வைக்கற. எப்படி வேணாங்கறது? வேணாம்னா நீ என்ன பேச்சு பேசுவன்னு எனக்குத் தெரியாதா? வியாழக்கிழமை பேசினதே ராத்திரி வரைக்கும் காதுல இருந்துச்சுடி."

கோபமாகச் சொல்லவில்லை. மழை வருமா என்று கேட்பது போலச் சொன்னாள். அடி கழன்று விழுந்தபோதுகூட நான் அப்படி அதிர்ந்து போகவில்லை. முப்பது வருஷத் தோழி. இருநூறு அடி உயரத்தில் கயிறில்லாமல் தொங்குவதைவிட என் வாய்க்கு அதிகம் பயந்திருக்கிறாள்.

பின்பக்க வழியாக இறங்கி வந்து, பாறையின் அடியில் புதருக்குள் அந்த ரப்பரைத் தேடி எடுத்தேன். எச்சில் துப்பித் தேய்த்தேன். கிரீச்சென்று கத்தியது. ரப்பர் நன்றாகத்தான் இருந்தது. பதினோரு கோடைகாலம் காரேஜின் தகரக் கூரைக்குக் கீழே வெந்து செத்தது பசை. பசைக்குக் கத்தத் தெரியாது. கயிறு வைத்திருந்தவருக்கு அவ்வளவு உபதேசம் செய்தவளுக்கு இது தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து ஷவரில் நிற்கும்போதுதான் அடுத்த இடி விழுந்தது. ரெண்டா வாங்குங்க, ஒண்ண எடுத்து வைங்க. எத்தனை பேரிடம் சொன்னேன்? எத்தனை காரேஜ்களில், எத்தனை பரண்களில், தாள் கலையாமல் எத்தனை பெட்டிகள்? ஈரத் தலையோடு வந்து, ஞாபகம் இருந்த பெயர்களையெல்லாம் எழுதினேன். இருபத்தாறு பேர்.

முதலில் வென்டெலைக் கூப்பிட்டேன். ஓய்வுபெற்ற தபால்காரர், தினமும் ஏறுகிறவர். கைபேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். நான்காவது மணியில் எடுத்தார்.

"வென்டெல், நான் நோரீன். அந்தக் கருப்பு ஷூ, சிவப்பு நாடா. எடுத்து வைக்கச் சொன்னேனே..."

"அய்யோ நோரீன், திட்டாத" என்றார் அவசரமாக. "சத்தியமா இன்னிக்கு வரைக்கும் தொடவே இல்ல. நாளைக்குத்தான் மொத மொதல்ல போடலாம்னு எடுத்து வெச்சேன். நீ சொன்ன மாதிரியே பத்திரமா இருக்கு, அப்படியே புதுசா."