ஏலத்தில் எடுத்த சேவல்

இன்னாசி கோயிலுக்குக் கட்ட வேண்டிய பாக்கி பதினாலாயிரத்து முந்நூற்று ஐம்பது ரூபாய். ஒரே ஒரு சேவலுக்கு.

அன்னவாசல் பக்கத்தில் இருக்கிற அந்த ஊரில், கிறிஸ்துமஸ் காலைப் பூசை முடிந்ததும் காணிக்கையாக வந்த பூசணி, சேவல், நெல் எல்லாவற்றையும் கோயில் வாசலில் ஏலம் விடுவார்கள். அந்தப் பணத்தில் இல்லாதப்பட்ட வீடுகளுக்கு அரிசியும் துணியும் போகும். ஆண்டவர் செய்த நன்மைக்கு நன்றியாகக் கொடுப்பது, அதில் விலை பார்க்கக் கூடாது என்பார்கள். கையில் இருப்பதைக் கட்டிவிட்டு மிச்சத்துக்கு ஒரு வருசம் தவணை சொல்லலாம். அதற்குள் கட்டாதவர் பேரை அடுத்த கிறிஸ்துமஸில், ஏலத்துக்கு முன்னால் எல்லார் காதிலும் விழ வாசிப்பார்கள்.

போன வருசம் இன்னாசியின் மனைவி அடைக்கலமேரி பிழைத்து வந்திருந்தாள். பெரியாஸ்பத்திரியில் இருபத்திரண்டு நாள் கிடந்து, டாக்டரே கையை விரித்த பிறகு கண் திறந்தவள். அந்தப் பூரிப்பில் இன்னாசி சேவலை இரண்டாயிரத்துக்குக் கேட்டார். தைலமரம் வெட்டுகிற கைக்கு ஏலம் எதற்கு என்று கூட்டத்தில் யாரோ சிரித்தான். அதோடு விட்டிருக்க வேண்டும். ரோசம் வந்துவிட்டது. ஆள் மேல் ஆள் ஏற்றிவிட, பதினைந்தாயிரத்தில் போய் நின்றார். மடியில் இருந்த அறுநூற்று ஐம்பதைக் கட்டினார்.

அதன் பிறகு இடுப்பு விட்டுப்போனது. பாதி நாள் வேலை இல்லை. இந்த வருசம் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலையில், வீட்டில் இருந்த ஒரே கறவை மாட்டை ஓட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனார். அந்தப் பால் காசில்தான் அடைக்கலமேரிக்கு மாத்திரை வாங்கி வந்தார்கள். மாட்டுத் தரகன் நாகராசு பணத்தோடு அங்கேயே வருவதாகச் சொல்லியிருந்தான். முப்பதாயிரம் பெறும் மாட்டுக்குப் பதினைந்துதான் பேச்சு. அவசரம் யாருக்கு என்று தரகனுக்குத் தெரியாதா?

கோயில் கணக்குப் பார்க்கும் செபமாலையிடம், மத்தியானத்துக்குள் கட்டிவிடுகிறேன், பேரை மட்டும் வாசிக்காதீர்கள் என்று கெஞ்சினார் இன்னாசி. செபமாலை சங்கடமாக நெளிந்தார். பிறகு வேறொரு தாளை எடுத்து நீட்டினார். நாளைக்கு அரிசி கொடுக்க வேண்டிய வீடுகளின் பட்டியல். இன்னாசி எழுத்துக் கூட்டிப் படித்தார். மூன்றாவது பேர் அவருடையது.

"நாங்க ஒனக்கு அரிசி குடுக்கணும், நீ எங்களுக்குப் பணம் கட்டணும். இத எந்தக் கணக்குல எழுத, நீயே சொல்லு."

இன்னாசிக்கு முகம் சுண்டிப்போனது. சத்தம் கேட்டு வந்த பங்குச்சாமியார் விவரத்தை விசாரித்துவிட்டு, அந்தப் பாக்கியை அடித்துவிடச் சொன்னார். இன்னாசி கையெடுத்துக் கும்பிட்டார்.

"ஓசி வேணாம் சாமி. வாய்விட்டுக் கேட்டது நான். மாட்ட வித்துக் கட்டிர்றேன்."

நாகராசு வந்து மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்தான். பணத்தை எண்ணத் தொடங்கினான். கயிறு கைமாறுகிற நேரத்தில், சாமியார் சொன்னதையும் இவர் மறுத்ததையும் வாசலில் நின்றவர்களிடம் கேட்டுக்கொண்டு மூச்சிரைக்க வந்து சேர்ந்த அடைக்கலமேரி அதை எட்டிப் பிடித்தாள். விடு, ஊர் நடுவில் மானம் போகிறது என்று இன்னாசி பல்லைக் கடித்தார்.

"ஆஸ்பத்திரி வராண்டாவுல மண்டி போட்டு என் உசுரக் கேட்டீங்கள்ல. அதுக்கு எம்புட்டுக் கட்டுனீங்க?"

இன்னாசி கயிற்றைத் தன் பக்கம் இழுத்தார்.

"ஓசியிலதானங்க வாங்குனீங்க. அன்னிக்கிப் போகாத மானமா இன்னிக்கிப் போகுது?"

நாகராசு விலையைப் பதினாறாக ஏற்றினான். யாரும் அவன் பக்கம் திரும்பவில்லை.

இன்னாசி மாட்டைப் பார்த்தார். கயிற்றைப் பிடித்திருந்த, எலும்பு தெரிகிற அந்தக் கையைப் பார்த்தார். கடைசியில் செபமாலை பக்கம் திரும்பி, "அடிச்சிருங்க" என்றார்.

செபமாலை நோட்டை விரித்து, அந்த வரி மேல் கோடு இழுத்தார். பேனா எழுதவில்லை. உதறிவிட்டு மறுபடி இழுத்தார்.