பதினேழாம் பட்டறையில் ஒரு யானை

விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் அறுபது பட்டறைகள். தன் சூளையில் இடம் போதாதவர்கள் அடுத்தவர் சூளையில் பொம்மைகளை ஏற்றிச் சுடுவார்கள். யார் யாரோடு சேர்ந்து சுடுகிறார்கள் என்பதுதான் என் ஆராய்ச்சி. ஆயிரத்து எழுநூற்று எழுபது ஜோடிகள் சாத்தியம். வீடு வீடாகக் கேட்டதில் தேறியவை நாற்பத்தெட்டு. மிச்சமெல்லாம் பூஜ்யம். அதில் எது நிஜப் பூஜ்யம், எது என்னிடம் மறைத்த பூஜ்யம் என்று கணிக்கக் கம்ப்யூட்டரில் ஒரு கணித மாடல் கட்டினேன்.

பதினேழுக்கும் நாற்பத்தொன்றுக்கும் பொதுக் கூட்டாளிகள் நாலு பேர். ஆகவே இவர்களுக்குள்ளும் தொடர்பு உண்டு, நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று என்று அடித்துச் சொன்னது மாடல்.

என் ஆராய்ச்சிக் கைடு சிரித்தார். "நேர்ல போய்ப் பாருங்க சைமா. பொய்யின்னா அந்த மாடலைத் தூக்கிப் போட்டுடுங்க." மூன்று வருட உழைப்பு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பதினேழு அன்பரசனுடையது. நாற்பத்தொன்று அவர் தம்பி நிலவனுடையது. கல்யாணப் பத்திரிகையில் பெயர் விட்டுப்போனதில் பேச்சு நின்று ஒன்பது வருடம்.

"அவன் வூட்டுப் பக்கம் தலை வச்சிக்கூடப் படுக்கறதில்லீங்க" என்றார் அன்பரசன், வாசலிலேயே.

உள்ளே அவர் மனைவி வேல்விழி சூளையிலிருந்து பொம்மைகளை இறக்கிக்கொண்டிருந்தார். சரக்கு கலந்துவிடாமலிருக்க ஒவ்வொரு பட்டறையும் அடியில் ஒரு குறி போடும். பதினேழுக்கு மூன்று புள்ளி. ஒரு யானையை எடுத்துக் கவிழ்த்தேன். நிலவனின் நெளிகோடு. அடுத்ததிலும் நெளிகோடு. திருட்டுத்தனமாகச் சுடுகிறவர்கள் குறியை மட்டும் பழக்கத்தில் போட்டுத் தொலைத்திருக்கிறார்கள். யானையோடு நான் குதித்தேவிட்டேன்.

வேல்விழி வெளிறிப்போனார். "சத்தம் போடாதம்மா. நானும் எங்க ஓரகத்தியும் பேசி வச்சிக்கிட்டது. அவருக்குத் தெரிஞ்சா சூளையையே இடிச்சிப்புடுவாரு. எழுதிப்புடாத."

எழுதாவிட்டால் என் மூன்று வருடம் போச்சு. எழுதினால் இவர் நிம்மதி போச்சு. எழுதமாட்டேன் என்று தலையாட்டினேன். சிரிப்பும் அழுகையுமாக வெளியே வந்தேன்.

அன்பரசன் டீயை நீட்டினார். குரல் தாழ்ந்திருந்தது.

"யானையைப் பாத்துட்டீங்களா?"

நான் கையிலிருந்த நோட்டை மூடினேன்.

"நெருப்பு போடறது நானு. எனக்குத் தெரியாதா? தாராளமா எழுதிக்குங்க, பட்டறை நம்பரை மட்டும் எடுத்துடுங்க. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அவ நிறுத்திடுவா. அப்புறம் தம்பி எப்படி இருக்கான்னு நான் எதைப் பாத்துத் தெரிஞ்சிக்கிறது?"

அறுபது பட்டறைக்கும் எண்ணை எடுத்துவிடுகிறேன் என்றேன். அவர் கண் முன்னாலேயே நோட்டைத் திறந்து, பதினேழுக்கும் நாற்பத்தொன்றுக்கும் நேரே இருந்த பூஜ்யத்தை அடித்து ஒன்று போட்டேன். அந்த ஒன்றை அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.