போர்டைக் காணோம்

கம்பெனி வாசலில் போர்டைக் காணோம்!

அன்று விடுமுறை. கேட் பூட்டித்தான் கிடக்கும். ஆனால் போர்டு? சுவரில் ஆணித் துளைகள் மட்டும் பல்லை இளித்தன.

"ஓனர் கம்பி நீட்டிட்டானாம்!"

தெரு முழுக்கப் பற்றிக்கொண்டது. அந்தத் தையல் கம்பெனி ஓவர்டைமுக்குக் காசு தராது, பித்தளை டோக்கன்தான் தரும். தெருக் கடைகள் அதைப் பணமாகவே வாங்கி, வாரக் கடைசியில் ஆபீசில் கொடுத்துக் காசாக்கும். ஓனரே ஓடிவிட்டால்?

காலர் தைக்கிறவள் மருந்துக் கடை முன் நின்றாள். முந்தானை முடிச்சில் டோக்கன்கள். வீட்டில் கணவனுக்கு இழுப்பு.

"நேத்து வாங்கினீங்களே அண்ணே?"

"அது நேத்தும்மா." கடைக்காரர் செத்த கரப்பானைத் தள்ளுவதுபோல் டோக்கனை விரல் நுனியால் தள்ளினார்.

கடைசியில் கை கொடுத்தவன் டீக்கடைக் கொழுந்தன்தான்.

"கால் விலைக்கு எடுத்துக்கறேன் அண்ணி. நஷ்டம்தான். அண்ணன் மூச்சு முக்கியமில்லையா?"

அவளுக்குப் பின்னால் பாதித் தெரு வரிசை கட்டியது. அவன் கொடுத்த காசுக்கு வாயில் வைத்து இழுக்கிற பம்ப் வரவில்லை, மாத்திரைதான் வந்தது. கணவன் சுவரில் சாய்ந்தபடியே விடியும்வரை மூச்சுக்குத் தவித்தான்.

மறுநாள் காலை, புது பெயிண்டில் போர்டு பளபளத்தது. கீழே ஓனர் வழக்கம்போல் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்.

"பெயிண்ட் அடிக்கத்தான்க்கா கழட்டினேன்," என்றான் பெயிண்டர். "நேத்துக் காலையில டீ குடிக்கறப்பவே உங்க கொழுந்தன்கிட்ட சொன்னேனே!"

தெரிந்தேதான் வாங்கியிருக்கிறான்.

இடைவேளையில் நேராக டீக்கடைக்குப் போனாள். நல்ல கூட்டம். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பிஸ்கட் டின், விளிம்பு வரை டோக்கன்.

"புது போர்டு வந்தாச்சு. இனிமே புது டோக்கனாம் தம்பி. பழசு செல்லாதாமே?"

பச்சைப் பொய். ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. மருந்துக் கடைக்காரர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு, தன் கல்லாவில் கிடக்கும் டோக்கன்களை எண்ண ஓடினார்.

சாயங்காலம் கொழுந்தன் டின்னோடு அவள் வீட்டு வாசலில் நின்றான்.

"அண்ணி, ஆபீஸ்ல கேட்டுட்டேன், செல்லுமாம்! சனிக்கிழமைதான் மாத்துவாங்களாம். ஓனரே சொல்றாருன்னு சொன்னாலும் பால்காரன் நம்ப மாட்டேங்கறான். கையில இருந்த காசையெல்லாம் இதுல போட்டுட்டேன். நாளைக்குக் கடை திறக்கப் பால் இல்ல. நீங்க ஒரு வார்த்தை சொன்னா..."

உள்ளே கணவனின் நெஞ்சு விசிலடித்தது. அண்ணன் எப்படி இருக்கிறான் என்று அவன் கேட்கவே இல்லை.

"யார் யார்கிட்ட வாங்கினியோ, எல்லாருக்கும் டோக்கனைத் திருப்பிக் கொடு. அப்புறம் சொல்றேன்."

"நான் கொடுத்த காசு?"

"அண்ணன் மூச்சு முக்கியமில்லையா?"

கொடுத்தான். டோக்கன்களில் டீப் பிசுக்கு. சோப்புப் போட்டுக் கழுவியும் அவன் கை வாடை போகவில்லை.

காலையில் தெருவில் சொன்னாள், "விசாரிச்சேன். செல்லுமாம்." அவ்வளவுதான். முந்தாநாள் கரப்பானாக இருந்ததை மருந்துக் கடைக்காரர் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"நீங்க சொன்னா சரிதாம்மா!" என்று இளித்தார்.

அந்த இளிப்பில் காறித் துப்பலாம்போல் இருந்தது. எச்சிலை விழுங்கிக்கொண்டு பம்புக்குக் கை நீட்டினாள்.