திறந்து ஆறவைத்த டிரம்

கூலி நெல் தகராறில் புருஷன் துரைராசு சிறைக்குப் போனபின், எந்த மிராசுதாரும் ராமாயியை வயலில் இறங்க விடவில்லை. பட்டுக்கோட்டையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில், கத்தி, கத்தரி, இடுக்கிகளை ஆவியில் அவித்துச் சுத்தம் செய்யும் வேலை கிடைத்தது. ஒரு வாரம் பார்ப்பார்கள், பிடித்தால்தான் நிலைக்கும். இன்று ஐந்தாம் நாள்.

“நெல்லு அவிச்சிருக்கியா?” என்று முதல் நாளே கேட்டிருந்தாள் நர்சு ஆனந்தம்.

“வேற என்னங்க தெரியும் எனக்கு?”

“அப்ப ஆவி ஒனக்குச் சொந்தக்காரிதான், போ!”

அந்தச் சொந்தம்தான் இன்று குடியைக் கெடுத்தது. ஆவிப்பெட்டியிலிருந்து இறக்கிய, கத்தரி இடுக்கிகள் அடுக்கிய தகர டிரம்மை ராமாயி மூடி திறந்து ஆறவைத்தாள். அவித்த நெல்லை மூடியே வைத்தால் நாறிப்போகுமே. கத்தரி மேல் உட்கார்ந்த ஈயை விரட்டிவிட்டு, ஆறியதும் மூடினாள்.

பிரசவ அறையிலிருந்து ஆனந்தம் ஓடிவந்தாள். “டிரம்மைக் கொண்டா! ஹபீபுன்னிசாவுக்கு ஆயுதம் போட்டுத்தான் புள்ளைய எடுக்கணும். மூடியத் தொறந்துடாத, காத்துப் பட்டாலே கிருமி பூந்துடும்.”

ராமாயி டிரம்மைத் தூக்காமல் நின்றாள்.

“தொறந்துட்டேங்க. ஈகூட உக்காந்துச்சு.”

ஆனந்தத்தின் முகம் வெளுத்தது. “வாய மூடு. ஒனக்குக் கத்துக் குடுத்தவ நான். டாக்டர் காதுல விழுந்தா எனக்கும் சீட்டுக் கிழியும்.”

“அந்தப் பொண்ணுக்குச் சீக்கு வந்துட்டா?”

“ஒன் புள்ளைங்களுக்குச் சோறு? அத நெனச்சியாடி?”

நினைத்தாள். இரண்டும் காலையில் நீராகாரம் குடித்ததோடு சரி. உள்ளே ஹபீபுன்னிசா, “யா அல்லா!” என்று அலறினாள். ஆனந்தம் டிரம்மைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். ராமாயி பின்னாலேயே கதவைத் தள்ளினாள்.

“டாக்டரய்யா, அந்த டிரம்மைத் தொடாதீங்க. நாந்தான் தெரியாமத் தொறந்து வச்சிட்டேன். நர்சம்மா மேல தப்பில்ல.”

டாக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “நாளைலேருந்து நீ வர வேண்டாம். இப்ப எல்லாத்தையும் வெந்நீர்ல போட்டுக் கொதிக்க வை. ஓடு!”

ராமாயி ஸ்டவ்வைப் பம்பு அடித்துப் பற்றவைத்து, ஆயுதங்களைப் பாத்திரத்துத் தண்ணீரில் போட்டு மூடினாள். தண்ணீர் தளதளவென்று கொதித்தது.

“எம்புட்டு நேரங்க?”

ஆனந்தம் அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள். “மணி பாக்கத் தெரியாதுல்ல ஒனக்கு? பெரிய முள்ளு இப்ப உச்சில நிக்குது. நாலுக்கு வரணும். அதுவரைக்கும் மூடி மேல கை வச்சே, கொன்னுடுவேன்.”

உள்ளே மறுபடி அலறல். ராமாயி இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தாள். முள் இன்னும் ஒன்றுக்கே வரவில்லை.