சுவரில் ஒட்டிய அம்பு

செக்கிங் டேபிளில் நிற்கிறவர்களுக்குக் கண்தான் சோறு போடுகிறது. பனியனில் ஓட்டை இருந்தாலும், எண்ணெய்க் கறை இருந்தாலும், தையல் விட்டுப் போயிருந்தாலும் அந்த இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டிப் பீஸைத் தள்ளி வைத்துவிட வேண்டும். மூக்கம்மாள் எட்டு வருஷமாக அதைத்தான் செய்துவந்தாள். மிஞ்சிய ஸ்டிக்கர்களை மகள் ஜோதிகாவுக்குக் கொண்டுவருவாள். நோட்டில் ஒட்டி விளையாடட்டும் என்றுதான் கொடுத்தாள். மூன்றாம் வகுப்புப் படிக்கிற அந்தப் பிள்ளை அதைப் பள்ளிக்கூடத்துச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியாது.

"எம்மா, இன்னைக்கும் ஸ்டிக்கர் கிழிஞ்சு போச்சு," என்றாள் ஜோதிகா, சோற்றைப் பிசைந்துகொண்டே.

"எந்த ஸ்டிக்கருடி?"

"சொவத்துல ஒட்டுனது. வெடிப்பு மேல குறுக்க ஒட்டுவேன். ரெண்டு மூணு நாள்ல தானா ரெண்டாக் கிழிஞ்சிரும். யாரும் தொடல, நாந்தான் பக்கத்துலயே உக்காந்திருக்கேன்ல. இது நாலாவது."

மூக்கம்மாளுக்குக் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

அருள்புரத்துக்கு உள்ளே தள்ளி இருந்த அந்தப் பஞ்சாயத்து யூனியன் பள்ளிக்கூடம் மொத்தமே இரண்டு அறை. பின்சுவருக்கு அந்தப் பக்கம் தரணீதரனின் பனியன் கம்பெனி. மூக்கம்மாளுக்கும் அவள் புருஷன் காசிமாயனுக்கும் அங்கேதான் வேலை. பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேரின் தாய் தகப்பனுக்கும் அங்கேதான். இரண்டாயிரத்து எட்டாம் வருஷம் கரண்ட் கண்ட நேரத்தில் போய்க்கொண்டிருந்ததால், கம்பெனிக்காரர்கள் பெரிய ஜெனரேட்டர் ஒன்றை வாங்கிப் பள்ளிக்கூடச் சுவரை ஒட்டி இறக்கி வைத்தார்கள். அது ஓட ஆரம்பித்தால் சுவர் உறுமும். ஜன்னலில் வைத்த சாக்பீஸ் டப்பா நகர்ந்து நகர்ந்து வந்து கீழே விழும்.

மறுநாள் காலை கம்பெனிக்குப் போகுமுன் மூக்கம்மாள் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். மகள் உட்காருகிற இடத்துக்குப் பக்கத்தில் தரையிலிருந்து ஓடு வரைக்கும் வெடிப்பு ஓடியிருந்தது. அதன் மேல் இடுப்பு உயரத்துக்கு நான்கு சிவப்பு அம்புகள், நான்கும் நடுவில் கிழிந்து. அவள் விரலை வைத்துப் பார்த்தாள். நகம் உள்ளே போனது.

"இப்பவாவது ஒருத்தர் வந்து பாத்தீங்களே," என்றார் தலைமை ஆசிரியை விஜயராணி. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். "யூனியன் ஆபீஸுக்கு மூணு தடவை எழுதிட்டேன். ஊர்ப்பக்கம் மாறுதல் வேணும்னு டீச்சர் சாக்குச் சொல்லுதாங்கன்னு பேசிக்கிடுதாங்க. வர்ற வியாழக்கிழமை யூனியன் ஆபீஸ்ல இருந்து மேடம் வாராங்க. பள்ளிக்கூடத்தைப் பத்திப் பெத்தவங்க என்ன நெனைக்கீங்கன்னு உங்ககிட்டயே கேப்பாங்க. என்னைய வெளியே நிக்கச் சொல்லிருவாங்க. உள்ளதை அப்படியே சொல்லுங்கம்மா. வேற ஒண்ணும் வேண்டாம்."

டீ நேரத்தில் மூக்கம்மாள் ஆள் சேர்த்தாள். டெய்லர் அந்தோணிராஜ் சிரித்தான். "நம்மகிட்ட வந்து அபிப்பிராயம் கேக்குறாகளா? வர்ற மேடத்துக்குச் சால்வைதான் போடணும்."

"அந்தப் பள்ளிக்கொடத்துல முட்டை நல்ல முட்டை," என்றாள் டெய்லருக்குப் பனியன் துணியை மடித்துக்கொடுக்கிற ராமுத்தாய். "டீச்சர்தான் அடிக்க மாட்டேங்குறாக. அதான் எம் பயலுக்குப் படிப்பு ஏறல."

"ஒம் பயலுக்கு அடிச்சாலும் ஏறாது," என்றான் அந்தோணிராஜ்.

காசிமாயன் மட்டும் சிரிக்கவில்லை. "மொதலாளி காதுக்குப் போச்சுன்னா?"

"மொதலாளி பேச்சையே எடுக்க வேணாம். சொவரு வெடிச்சிருக்கு, பிள்ளைக உக்காருது. அதை மட்டும் சொல்லுவோம்," என்றாள் மூக்கம்மாள். எல்லோரும் சரி என்றார்கள்.

வியாழக்கிழமை பதினான்கு பேர் பெர்மிஷன் போட்டுவிட்டு வந்திருந்தார்கள். பிள்ளைகளை வேப்பமரத்தடிக்கு அனுப்பிவிட்டு அறையில் வரிசையாக உட்கார்ந்தார்கள். மேடம் வந்தார். கழுத்தில் அட்டை தொங்கியது. கையில் கிளிப் வைத்த பலகை, தோளில் சின்னக் கேமரா. டீச்சரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தார்.

"பயப்படாம சொல்லுங்க. நீங்க இங்க சொல்றது வெளியே போகாது."

அந்த ஒரு வார்த்தையில் பதினான்கு பேரின் முதுகும் நிமிர்ந்தது.

வருஷத்துக்கு இரண்டு தடவை கம்பெனிக்கு ஆடிட் வரும். சரக்கு வாங்குகிற வெளிநாட்டுப் பையரின் ஆட்கள் இதேபோல அட்டை மாட்டிக்கொண்டு வருவார்கள். இதேபோலச் சிரித்து, இதே வார்த்தையைச் சொல்லித்தான் கேள்வியை ஆரம்பிப்பார்கள். ஒரு வாரத்துக்கு முன்னாலிருந்தே சூப்பர்வைசர் ஒவ்வொருவராக நிறுத்தி, தண்ணீருக்கு இது, பாத்ரூமுக்கு இது, வேலை நேரத்துக்கு இது என்று பதிலைச் சொல்லிக்கொடுப்பார். போன தடவை சந்தனம் என்கிற அயர்ன் மாஸ்டர் மனசில் பட்டதைச் சொல்லிவிட்டான். மறுநாள் வாட்ச்மேன் அவனை உள்ளே விடவில்லை.

"குடிதண்ணீர் எப்படி இருக்கு?" என்றார் மேடம்.

"நல்லா இருக்குங்க மேடம். ஆர்.ஓ. தண்ணி," என்றான் அந்தோணிராஜ். பள்ளிக்கூடத்தில் இருந்தது ஒரு உப்புத் தண்ணீர்க் குழாய்.

"கழிப்பறை?"

"ஆம்பளைக்குத் தனி, பொம்பளைக்குத் தனி மேடம். டெய்லி கழுவுறாக," என்றாள் ராமுத்தாய்.

"யாராவது திட்டுறது, அடிக்கிறது?"

"அப்பிடியெல்லாம் இல்லைங்க மேடம். அன்பா நடத்துறாங்க," என்றான் காசிமாயன், இரண்டு கையையும் கட்டிக்கொண்டு.

மேடம் தலை நிமிராமல் எழுதிக்கொண்டே வந்தார். "கட்டடம், பாதுகாப்பெல்லாம்?" பேனா மூக்கம்மாளைக் காட்டியது.

மூக்கம்மாள் வாயைத் திறந்தாள். வெடிப்பு அவள் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது. அன்றைக்குப் பார்த்துக் கரண்டும் போகவில்லை, சுவர் ஊமையாக நின்றது. சொல்ல வேண்டியதை மூன்று நாளாக மனசுக்குள் சொல்லிப் பார்த்திருந்தாள். ஆனால் நாக்குக்குப் பழக்கம் எட்டு வருஷத்துப் பழக்கம்.

"சேஃப்டி நல்லா இருக்குங்க மேடம். அவசர வழி ரெண்டு இருக்கு."

அந்த அறைக்கு இருந்தது ஒரே வாசல்.

பலகை கைமாறிக் கைமாறி வந்தது. கையெழுத்துத் தெரிந்தவர்கள் கையெழுத்தும், தெரியாதவர்கள் கைநாட்டும் வைத்தார்கள். மூக்கம்மாள் முதியோர் கல்வியில் முப்பது வயதுக்கு மேல் எழுத்துக் கற்றவள். தன் பெயரைப் புள்ளி விடாமல் எழுதினாள். மேடம் எல்லோரையும் உட்காரவைத்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

விஜயராணி உள்ளே ஓடி வந்தார். "சொல்லிட்டீங்களா?"

அந்தோணிராஜ் காலால் தரையைத் தேய்த்தான். "வாய் தானா வந்துருச்சு டீச்சர்."

"எல்லாருமா?"

"எல்லாருந்தான்."

டீச்சர் திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். அவர் நாற்காலியை எடுத்துச் சுவரோரம் போடப் போனவர், யோசித்துத் திரும்பக் கொண்டுவந்து நடுவில் போட்டார்.

ஐப்பசியில் கடிதம் வந்தது. கட்டடத்தின் பாதுகாப்பு குறித்துப் பெற்றோர் அனைவரும் திருப்தி தெரிவித்திருப்பதால் தலைமை ஆசிரியையின் கோரிக்கை முடித்து வைக்கப்படுகிறது என்று இருந்தது. அந்த வாரமே தரணீதரன் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்.

"ஏனுங்க டீச்சர், நம்ம ஆளுகளே நல்லா இருக்குதுன்னு சொல்லிப்போட்டாங்களாமா. ரொம்பச் சந்தோசமுங்க. எம்பங்குக்கு நானும் வெள்ளையடிச்சுக் குடுத்தர்றனுங்க. புள்ளைங்க படிக்கிற எடம் பளிச்சுன்னு இருக்கோணுமில்லீங்களா."

ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் வந்து வெடிப்பில் சிமென்ட்டைத் திணித்து, மேலே சுண்ணாம்பு அடித்துவிட்டுப் போனார்கள். ஆடிட்டுக்கு முந்தின நாள் கம்பெனிச் சுவருக்கும் இதுதான் நடக்கும். "எம்மா, சொவரு நல்லாயிருச்சு," என்றாள் ஜோதிகா.

அன்று ராத்திரி மூக்கம்மாள் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துத் தானே எழுதினாள். நாங்கள் மேடத்திடம் சொன்னது பொய். சுவர் வெடித்திருக்கிறது. வாசல் ஒன்றுதான். இவ்வளவுதான் எழுதினாள், அதற்கே விரல் வலித்தது. காலையில் மழை. தலையில் பாலித்தீன் கவரைப் போட்டுக்கொண்டு தாளை நனையாமல் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

விஜயராணி இரண்டு தடவை படித்தார். "நீங்க ஒருத்தர் மட்டுந்தானாம்மா?"

"மத்தவுக சாயந்தரம் கையெழுத்துப் போடுறோம்னுருக்காக."

டீச்சர் தாளை மடித்துப் பையில் வைத்தார். "மத்தியானமே நான் நேர்ல போய்க் குடுத்திருதேன்."

மூக்கம்மாள் சுவரிடம் போனாள். வெள்ளை வெளேரென்று இருந்தது. உள்ளங்கையை வைத்துத் தடவினாள். சட்டையின் மடிப்புக்குள் இருக்கிற ஓட்டையைக் கண்டுபிடிக்கிற கை அது. சுண்ணாம்புக்கு அடியில் ஸ்டிக்கரின் பாதி தட்டுப்பட்டது. அடுத்த பாதிக்கு விரல் வெகுநேரம் தேடிப் போக வேண்டியிருந்தது. இரண்டுக்கும் நடுவே புதுச் சுண்ணாம்பில் தலைமுடி மாதிரி ஒரு கோடு.

"டீச்சர், பிள்ளைகளை இந்தப் பக்கம் ஒக்கார வைக்காதீக."

டீச்சர் எழுப்பினார். முப்பது பிள்ளைகளும் பைகளை வாசல் பக்கம் போட்டுவிட்டு எதிர்ச் சுவரோரம் நெருக்கியடித்து உட்கார்ந்தன. அப்போது தலைக்கு மேலே ஃபேன் மெதுவாகச் சுற்றி நின்றது.

கரண்ட் போய்விட்டது. பிள்ளைகளுக்குக்கூட அடுத்து என்ன வரும் என்று தெரியும். ஓட்டில் மழை விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் ஜெனரேட்டர் ஒரு தடவை இருமியது. நின்றது. மறுபடி இருமியது. பிறகு பிடித்துக்கொண்டது.

வெள்ளைச் சுவரிலிருந்து மாவு சலித்தது மாதிரி சுண்ணாம்பு கொட்டத் தொடங்கியது.

"நனைஞ்சாப் பரவால்ல டீச்சர். வெளிய விடுங்க," என்றாள் மூக்கம்மாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. மகள் எங்கே நிற்கிறாள் என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை. குனிந்து, அந்த ஒரே வாசலை அடைத்துக் கிடந்த பைகளையும் செருப்புகளையும் இரண்டு கையாலும் மழைக்குள் அள்ளி எறிய ஆரம்பித்தாள்.