நடுவர் தின்றதற்கு என்ன பெயர்

இங்கிலாந்தில் ஸ்கார்பி என்ற ஊரின் கண்காட்சியில் கேக் போட்டிக்கு நடுவராக வந்தவர் ஒரு கேக்கை முழுசாகத் தின்று தீர்த்துவிட்டார். நடந்தது இவ்வளவுதான். இதைக் கண்ணியமான ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று தெரியாமல், கண்காட்சிக் குழுவின் செயலாளர் ஈனிட் ஹெப்பிள் சாப்பாட்டு மேசையில் அகராதியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

யார்க்‌ஷயரில் ஒரு நாய் தொலைந்தால்கூட முதலில் கூட்டம் போடுவார்கள், அப்புறம்தான் தேடுவார்கள். கேக் தொலைந்ததற்குச் சும்மா விடுவார்களா? அன்றைக்கே கண்காட்சிக் கூடாரத்துக்குள் அவசரக் கூட்டம். அதன் மினிட்ஸை, அதாவது கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை, ஈனிட் எழுத வேண்டும். செப்டம்பர் கூட்டத்தில் அதை வாசித்து, நடந்தது இதுதான் என்று எல்லோரும் கைதூக்கிவிட்டால் பிறகு ஆண்டவனாலும் மாற்ற முடியாது. அதில் ஒருவர் பெயருக்குப் பக்கத்தில் கெட்ட சொல் ஏறிவிட்டால் அவரை மறு வருஷம் யாரும் கூப்பிடுவதில்லை. இப்படி ஒரு விதி எங்கும் இல்லை, ஆனால் மீறியவரும் இல்லை.

குழுத் தலைவி வினிஃப்ரெட் கார்ஸ்டன் தொப்பியைக்கூடக் கழற்றாமல் வந்து உட்கார்ந்தாள்.

"கிளட்டனின்னு போடு ஈனிட். பெருந்தீனிக்குப் பைபிள் காலத்துச் சொல்லு. பெரும் பாவங்கள்ல ஒண்ணு."

"ஒரு கேக்குக்குப் பாவம்னு எழுதினா ஜாஸ்தியா இல்லையா, வினிஃப்ரெட்?"

"ஜாஸ்தி நானா, அந்த மனுஷனா? ஒவ்வொரு கேக்குலயும் ஒரு துண்டு ருசி பாத்துட்டு வச்சிடணும். மிச்சம் ஏலத்துக்கு, சர்ச் கூரை வேலைக்கு. இவரு தட்டை வழிச்சுல்ல வச்சிருக்காரு!"

வினிஃப்ரெட்டின் கவலை கூரையைப் பற்றியதல்ல. வருஷா வருஷம் அவளுடைய விக்டோரியா ஸ்பாஞ்சு கேக்குக்குத்தான் முதல் பரிசு; வருஷா வருஷம் நடுவர் அவளுடைய ஒன்றுவிட்ட அக்காள் ஆகத்தாதான். இந்த வருஷம் ஆகத்தாவுக்கு இடுப்பு எலும்பு ஆபரேஷன். அவசரத்துக்குப் பக்கத்து ஊரிலிருந்து பிடித்து வந்த ஆள்தான் கத்பர்ட் மெல்லர், ஓய்வுபெற்ற மாட்டு வைத்தியர். அவர் வினிஃப்ரெட்டின் ஸ்பாஞ்சில் ஒரு விள்ளல் எடுத்து, மென்று, "ம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். அந்த "ம்" அவளுக்கு இன்னும் செரிக்கவில்லை. அவரைக் கறிவேப்பிலையாக ஒதுக்கினால்தான் ஆகத்தா திரும்பி வர முடியும்.

ஈனிட்டுக்கு வேறொரு தொல்லை. மெல்லர் தின்று தீர்த்த கேக் அவளுடையது. இது அவள் கணவன் லயனலைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. செய்தவர் பெயரை உறைக்குள் போட்டு ஒட்டித் தட்டுக்கு அடியில் வைப்பது வழக்கம். காலித் தட்டைப் பார்த்த வினிஃப்ரெட், "கேக்கே இல்ல, பேரு எதுக்கு?" என்று உறையைப் பிரிக்காமலே குப்பையில் போட்டுவிட்டாள். இஞ்சியும் கரும்பாகும் ஓட்ஸ் மாவும் சேர்த்துச் செய்து, டப்பாவில் ஒரு வாரம் மூடிவைத்துப் பதம் வரவழைத்த பார்க்கின் அது. இத்தனை வருஷமும் ஈனிட்டுக்குக் கிடைத்ததெல்லாம் "பாராட்டுக்குரியது" என்று அச்சடித்த அட்டைதான். இந்தத் தடவை அதுவுமில்லை.

வினிஃப்ரெட் போனதும் லயனல் அகராதியைத் தன் பக்கம் இழுத்தான்.

"இன்டெம்பரன்ஸ்?"

"அது தண்ணி போட்டவங்களுக்கு. அவரு குடிச்சது வெறும் டீ."

"சர்ஃபீட்?"

"அந்தக் காலத்துல ராஜா யாரோ மீனைத் தின்னுத் தின்னே செத்தாராமே, அதுக்குத்தான் அந்தச் சொல்லு சரி. இவரு ஜம்முனு பஸ் ஏறிப் போனாரு."

"ஓவர் இண்டல்ஜென்ஸ்?"

"கிறிஸ்துமஸ் முடிஞ்சதும் வயித்து மாத்திரை விளம்பரத்துல வரும்."

"சரி, எக்ஸஸ்?"

"அது இன்ஷூரன்ஸ்காரன் நஷ்டத்துல நம்ம தலையில கட்டுற பங்குக்குப் பேரு."

லயனல் கண்ணாடியைக் கழற்றினான். "என் கேக்குதான்னு சொல்லித் தொலையேன். கேக்குக்காரியே மன்னிச்சா ஆளும் தப்பிப்பாரு, எனக்கும் சோறு கிடைக்கும்."

"சொன்னா, தன் கேக்கைப் பத்தித் தானே எழுதிக்கிட்டான்னு வினிஃப்ரெட் பேனாவைப் பிடுங்கிடுவா."

"பிடுங்கட்டும். உனக்குக் கூட்டம் குறையும், நான் உன் முகத்தையாவது பாப்பேன்."

ஈனிட் சிரிக்கவில்லை. "லயனல், அவரு ருசியா இருந்துச்சுன்னு தின்னாரா, காலைல ஒண்ணும் சாப்பிடாம வந்து பசியில தின்னாரா? எனக்கு அது தெரிஞ்சா போதும். பசியில தின்னிருந்தா எந்தச் சொல்லைப் போட்டா எனக்கென்ன?"

லயனல் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டான். எழுந்து போய் அவனே முட்டை வேகவைத்தான்.

செப்டம்பர் கூட்டத்தில் ஊர் மன்றம் நிரம்பிவிட்டது. பூசணிக்காய் எடைத் தகராறுக்குக்கூட இத்தனை பேர் வந்ததில்லை. மெல்லரையும் வரவழைத்திருந்தார்கள். அவர் மடியில் தொப்பியை வைத்துக்கொண்டு, தலைமையாசிரியர் அறைக்கு வெளியே நிறுத்தப்பட்ட பையனைப்போல உட்கார்ந்திருந்தார்.

ஈனிட் எழுந்து வாசித்தாள். கடைசியில் அவள் தேர்ந்தெடுத்திருந்தது இருப்பதிலேயே மெத்தென்ற சொல்: நடுவர் சற்று "இண்டல்ஜ்" செய்துவிட்டார். குழந்தைக்கு இன்னொரு மிட்டாய் கொடுப்பதற்கும் அந்தச் சொல்தான்.

"சற்றா?" வினிஃப்ரெட்டின் குரல் கூரையைத் தொட்டது. "துடைச்சு வச்ச தட்டுக்குப் பேரு சற்றா? நான் கிளட்டனின்னு திருத்தச் சொல்றேன்."

மெல்லர் மெதுவாகக் கையைத் தூக்கினார். "தலைவரம்மா, எனக்கும் ஒரு திருத்தம் இருக்கு."

"உங்களுக்கா?"

"ரெண்டு சொல்லும் தப்பு. செயலாளரம்மா நல்ல மனசுக்காரங்க, மெதுவா எழுதிட்டாங்க. நீங்க கோவக்காரங்க, பெருசா சொல்றீங்க. ஆனா ரெண்டுக்கும் அர்த்தம் ஒண்ணுதான், தேவைக்கு மேல தின்னுட்டேன்னு. நான் அப்படித் தின்னலயே. காலைல பன்றி இறைச்சி, ரெண்டு முட்டை, ரொட்டி எல்லாம் முடிச்சுட்டு வயிறு முட்டத்தான் வந்தேன். உங்க கேக்கு எல்லாத்தையும் ஒரு விள்ளலோட விட்டேன், இல்லையா? அந்தப் பார்க்கினை விட முடியல. கடைசித் துண்டு தீர்ந்ததும் தட்டைத் தூக்கி அடியில வேற இருக்கான்னு பாத்தேன். அதனால கேக் போதவில்லைன்னு எழுதுங்க. அதுதான் நடந்தது."

மன்றத்தில் முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. ஈனிட் மட்டும் சிரிக்கவில்லை.  கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டதால் கையிலிருந்த காகிதம் கலங்கித் தெரிந்தது. வாழ்க்கையில் இத்தனை சந்தோஷமாக இருந்து எவ்வளவு காலமாயிற்று என்று அவளுக்கே ஞாபகமில்லை.

"யாரு செஞ்சாங்கன்னே தெரியாத கேக்குக்கு இவ்வளவு பேச்சா?" என்றாள் வினிஃப்ரெட்.

"தெரிஞ்சா நான் நடுவர் வேலையை இப்பவே விட்டுடுறேன்" என்றார் மெல்லர். "அவங்க வீட்டுப் பக்கத்துல வீடு பாத்துக்குறேன்."

ஈனிட் கையைத் தூக்கினாள். கைதூக்கிய பிறகுதான் பேச வேண்டும் என்பது அவளே எழுதிய விதி.

"தலைவர் அவர்களே, அந்தக் கேக் என்னோடது."

எண்ணெயில் போட்ட கடுகாக வினிஃப்ரெட்டின் முகம் வெடித்தது. "உன்னோடதா? உன் கேக்கைப் பத்தி நீயே மினிட்ஸ் எழுதினியா? அது செல்லாது! பேனாவைக் கீழ வை."

"செல்லாதுதான்" என்று ஈனிட் பேனாவையும் நோட்டையும் மேசைமேல் வைத்தாள். வைக்கும்போது வலித்தது, அதை அவள் மறைக்கவுமில்லை.

பின்வரிசையிலிருந்து யாரோ, மெல்லரின் திருத்தத்துக்கு ஓட்டெடுக்கச் சொன்னார்கள். கைகள் மளமளவென்று எழுந்தன. எதிர்த்து எழுந்த கை ஒன்றுதான், வினிஃப்ரெட்டுடையது. திருத்தம் நிறைவேறியது.

நிறைவேறியதை யாராவது எழுத வேண்டுமே. செயலாளர் இல்லாவிட்டால் தலைவரே எழுத வேண்டும். வினிஃப்ரெட் சுற்றிலும் பார்த்தாள். எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேறு வழியில்லாமல் பேனாவை எடுத்து, ஒவ்வோர் எழுத்தாக அழுத்தி எழுதி, எழுதியதை வழக்கப்படி வாசிக்கவும் செய்தாள், உதட்டுக்குள்ளேயே.

"ஈனிட் ஹெப்பிள் செய்த பார்க்கின் போதவில்லை."

ஈனிட் மறுபடியும் கையைத் தூக்கினாள்.

"கொஞ்சம் சத்தமா வாசிங்க, வினிஃப்ரெட். பின்னால உக்காந்திருக்கவங்க காதுல விழல."