மேல்மூலை பாக்கி

"கண்ணாடியைத் தொடைன்னு எத்தினி வாட்டி..."

"அம்மா இங்க கெடக்குறாங்க, இப்பப் போயி..."

"ஷார்லும் அவன் ஆளுங்களும் வர்ற நேரம். அழுக்கு ஜன்னலுக்குக் கீழ பெட்டியை வச்சிட்டு..."

"அம்மாவைத்தானே பாக்க வர்றாங்க, ஜன்னலையா?"

"ரெண்டையும்தான் பாப்பாங்க" என்றார் பெர்னார். ஈரத்துணியை மகளின் மடியில் போட்டுவிட்டு, கோட்டில் மெடல்களைக் குத்திக்கொள்ள உள்ளே போனார்.

அஞ்செல் எழுந்தாள். கூடத்தின் நடுவே சவப்பெட்டியில் தாய் ஓதெத் கிடந்தாள். நெற்றிக் கட்டு தெரியாமல் முக்காட்டை இழுத்துவிட்டிருந்தார்கள். தலைமாட்டில் அந்த ஜன்னல். பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து பென்ஷனோடு திரும்பிய வருஷம், பிரான்சின் துலோன் துறைமுகத்திலிருந்து கப்பலில் பெர்னார் கொண்டுவந்தது. இரட்டைக் கண்ணாடி, குளிர் உள்ளே வராது என்பார். புதுச்சேரியில் ஏது குளிர் என்று கேட்க அந்த வீட்டில் ஆளில்லை.

இரண்டு மழைக்காலம் தாங்கியது. அப்புறம் மோர் தெளித்தாற்போல் மங்கிப்போனது. அன்றிலிருந்து ஓதெத்தின் கையில் துணிதான். வினிகரில் துடைத்தாள், சாம்பலில் துடைத்தாள், பழைய பேப்பரைக் கசக்கித் தேய்த்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டாளத்துச் சிநேகிதர்கள் கோப்பையும் கையுமாக உட்கார்ந்திருக்கும்போது, "நம்ம மதாமுக்கு அடுப்பைத்தான் தொடைக்கத் தெரியும்" என்பார் பெர்னார். அவர்கள் சிரிப்பார்கள். ஓதெத் வறுத்த இறாலை நடுவில் வைத்துவிட்டு, மறுபடி துணியை எடுப்பாள்.

போன செவ்வாய்க்கிழமை தெருப்பக்கம் ஸ்டூல் போட்டு ஏறியவள் வாசற்படியில் தலைகுப்புற விழுந்தாள். காரைக்காலில் வாழ்க்கைப்பட்டிருந்த அஞ்செல் பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது, தாயின் கை போர்வையைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. "மேல்மூலை பாக்கி" என்றாள். அதற்கப்புறம் அவள் பேசவில்லை.

அஞ்செல் மேல்மூலையைத் துடைத்தாள். போகவில்லை. தெருவுக்குப் போய், அதே ஸ்டூலில் ஏறி, அந்தப் பக்கமும் துடைத்தாள். போகவில்லை. நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். கண்ணாடி கழுவிவிட்ட பீங்கான் போல வழவழவென்று இருந்தது. கன்னத்தைச் சட்டத்தில் சாய்த்துப் பக்கவாட்டில் பார்த்தாள். இரண்டு கண்ணாடிகளுக்கும் நடுவே, எந்தக் கையும் எட்டாத இடத்தில், ஒரு நீர்த்துளி மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.

உள்ளறைக்குப் போனாள்.

"அது அழுக்கில்லப்பா. ரெண்டு கண்ணாடிக்கும் நடுவுல ஈரம் எறங்கியிருக்கு. தொடைச்சாப் போகாது."

"தெரியும்" என்றார் பெர்னார். மெடல் ஒன்று கோணலாக இருந்தது, அதைத் திருத்திக்கொண்டிருந்தார். "ஆதிமூலம் ஆசாரி அப்பவே வந்து பாத்தான். இதைக் கழட்டிட்டு ஒத்தைக் கண்ணாடி போட்டுத் தரேன்னான். நாந்தான் வேணாம்னுட்டேன்."

"எப்போ?"

"ஆச்சு, ரெண்டு வருஷம் இருக்கும்."

"அம்மாகிட்ட சொல்லலியா?"

"சொன்னா நாலு பேர்கிட்ட சொல்லுவா. பிரான்சுலேர்ந்து கொண்டாந்த சாமான் கெட்டுப்போச்சுன்னு, வெறும் வாயை மெல்லுற ஷார்லுக்கு நான் அவல் குடுக்கணுமா?" அவர் குரலைத் தாழ்த்தக்கூட இல்லை. "பொம்பளைக்குத் தொடைக்கத் தெரியலன்னு சொன்னா யாருக்கு என்ன நஷ்டம்?"

வாசலில் கார் வந்து நின்றது.

ஷார்லும் பட்டாளத்துக் கூட்டாளிகளும் பூவளையத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பெட்டியருகே குனிந்து சிலுவை போட்டுக்கொண்ட ஷார்ல், நிமிரும்போது ஜன்னலைப் பார்த்தார்.

"பாவம், மோட்சத்துலயாவது ஜன்னல் இல்லாம இருக்கணும்" என்றார்.

யாரோ இருமுவது போல் சிரிப்பை விழுங்கினார்கள். பெர்னார் விழுங்கவில்லை. காலையிலிருந்து மகளும் தேய்த்துப் பார்க்கிறாள், தாய்க்குத் தப்பாத கை என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

அஞ்செல் தெருவுக்குப் போய் ஸ்டூலைத் தூக்கிவந்தாள். ஒரு கால் ஆடும் ஸ்டூல். அதைப் பெட்டிக்கும் ஜன்னலுக்கும் நடுவே, தாயின் தலைமாட்டில் வைத்தாள். துணியைப் பிழிந்து, உதறி, மடித்து, மெடல்கள் தொங்கிய அந்த நெஞ்சுக்கு நேரே நீட்டினாள். வந்தவர்கள் பூவளையத்தைக் கீழே வைக்க மறந்து நின்றார்கள்.

"ஏறுங்கப்பா. எப்படித் தொடைக்கிறதுன்னு அம்மாவுக்கு ஒரு வாட்டி காட்டிடுங்க. மேல்மூலை மட்டுந்தான் பாக்கி."